சீட்டக்கா எழுதிய பதினான்கு பக்கம்

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், சீட்டாட்டத்தில் பெரிய கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் விஷயம் விளங்கிவிடும். அவருடைய கணினித் திரையைச் சுற்றி நாலு பக்கமும் சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகள், முருங்கை இலை மாதிரி நெருக்கமாக ஒட்டியிருக்கும்.

‘பச்சை வந்தாலும் முடியவில்லை. பத்து எண்ணு.’

‘எஃப் எட்டு பக்கம் விரல் போகவே கூடாது.’

‘இந்தப் பக்கத்தில் “சேமி” இடது. அடுத்த பக்கத்தில் வலது.’

அடியில் இருந்த ஒன்றைப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ‘“ரத்து செய்யவா?” என்று கேட்டால் “ரத்து” என்பதை அழுத்தாதே. “சரி” என்பதை அழுத்து. அப்போதுதான் ரத்தாகும்.’

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. தட்டச்சுப் பரீட்சை தேறிய கையோடு இந்த வேலைக்கு வந்தவர். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிய காலம் போய்க் கணினி வந்தபோது, மற்றவர்கள் முணுமுணுக்க, இவர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருவார்கள். பெயர், வயது, அனுப்பிய டாக்டர், என்ன பரிசோதனை என்று பதிந்து, எண் போட்ட லேபிளை அச்சடித்து, பின்பக்கச் சன்னல் வழியாக உள்ளே தள்ளுவார். அங்கே ரத்தம் எடுத்துக் குழாயில் லேபிளை ஒட்டிப் பரிசோதிப்பவர் மூடியண்ணன். குழாய்களின் மூடி நிறம் பரிசோதனைக்கு ஏற்ப மாறும். அண்ணன் ஒவ்வொரு மூடியிலும் பேனாவால் ஓர் எழுத்தும் எழுதி வைப்பார். அதனால் வந்த பெயர். அது அவருடைய பிடிவாதங்களில் ஒன்று என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

சிக்கல் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்கு முப்பத்தொரு வயது. பதிந்துவிட்டு உள்ளே போய் ரத்தமும் கொடுத்துவிட்டார். அடுத்தவர் எழுபத்திரண்டு வயதுக்காரர், மேல்மாடி வார்டில் படுத்திருந்தவர். அவருடைய சீட்டை மட்டும் வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அக்கா அதை எடுத்தபோது தொலைபேசி அடித்தது. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெயரோடு பதிவுப் பக்கம் திறந்திருந்தது. புதியவரைப் பதிகிற பக்கமும் பழைய பதிவைத் திருத்துகிற பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். வலது மூலையில் சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா வயதை மாற்றினார், வார்டை மாற்றினார். ‘மாற்றவா? ஆம், இல்லை’ என்று ஒரு பெட்டி வந்தது. எதைச் சேமித்தாலும், நாளைக்கு இருநூறு தடவை வருகிற பெட்டி. கண் படிப்பதற்குள் விரல் ‘ஆம்’ என்று தட்டிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து வார்டு நர்ஸ் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“அக்கா, பெரியவருக்கு ரிப்போர்ட் வந்திருக்கு.”

“வந்தா நல்லதுதானே?”

“அவருக்கு இன்னும் ரத்தமே எடுக்கலையே!”

அக்கா அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார். அவர் மாற்றியது இளைஞருடைய பதிவை; அந்த ரத்தத்தின் முடிவுதான் பெரியவர் கணக்கில் மேலே போயிருந்தது. நர்ஸ் கவனித்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மத்தியானமே அக்கா கையில் ஒரு தாள் வந்து சேர்ந்தது. கவனக்குறைவு. மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தேவை.

இருபத்தோரு வருடத்தில் அப்படி ஒரு தாள் அவர் வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் அடுக்களை வாசலில் நின்றார். கணவர் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் கம்பியும் சக்கரமும் அவர் கைப்பட்டவை.

தாளைப் படித்துவிட்டு அவர் கேட்டார். “நீ என்ன எழுதப் போற?”

“தப்பு என்னுதுதான், மன்னிச்சிடுங்கன்னு.”

“லிஃப்டுல ஒரு ஆள் மாட்டிக்கிட்டா, நாங்க மாட்டினவர் மேலயா ரிப்போர்ட் எழுதுவோம்?”

“சும்மா இருங்க. எனக்கு வேலை போயிடுமோன்னு இருக்கு, உங்களுக்கு லிஃப்ட்.”

சொல்லிவிட்டாரே தவிர, கணவர் கேட்ட கேள்வி அவரை விடவில்லை. மறுநாள் காலை அரை மணி நேரம் முன்னதாகவே போனார். திரையைச் சுற்றியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக, கிழியாமல் உரித்தார். முப்பத்தேழு இருந்தன. ஒன்பது வெள்ளைத் தாள்களில் அவற்றை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதற்காக எழுதப்பட்டது, எந்த மாதம் யார் என்ன தவறு செய்யப் போனார்கள், எப்படித் தப்பித்தார்கள் என்று எழுதினார். கடைசித் தாளின் அடியில் ‘என்னிடம் கேட்கப்பட்ட விளக்கம் இதுவே’ என்று கையெழுத்துப் போட்டார்.

தலைமை டாக்டர் முன்கோபக்காரர் என்று பெயர் வாங்கிய அம்மாள். ஒன்பது தாளையும் நின்றபடியே படித்தார்.

“இந்த முப்பத்தேழும் நீங்க பண்ண தப்பா?”

“இல்லீங்க டாக்டர். நாங்க எல்லாரும் பண்ணது. மறுபடி பண்ணிடக் கூடாதுன்னு ஒட்டி வெச்சேன்.”

“கம்ப்யூட்டர் வந்த பதினோரு வருஷமாவா?”

“ஆமாங்க.”

டாக்டர் தாள்களை ஓர் உறையில் போட்டு, அந்த மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். அக்காவுக்கு வந்த தாளைத் திருப்பி வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து நிரல்காரர் வந்தார். அந்த மென்பொருளைத் தன் கையால் எழுதியவர் அவர்தான். அக்காவின் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் ‘நேரம் வீண்’ என்கிற களை.

“மேடம், இதெல்லாம் பயிற்சியிலயே சொல்லியிருப்பாங்களே. கவனமா படிச்சுட்டு அழுத்தணும்.”

அக்கா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“அரை மணி நேரம் நீங்களே உக்காருங்க சார். வரிசை நிக்குது பாருங்க. நான் பக்கத்துல நின்னு சீட்டை வாங்கித் தர்றேன்.”

பதினாலு பேர் நின்றார்கள். தாம் எழுதியதைத் தாமே ஓட்டுவதில் என்ன கஷ்டம் என்று நிரல்காரர் உட்கார்ந்தார். முதல் நாலு பேரைப் பதிந்து முடித்தார். ஐந்தாமவர் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னார். ஆறாவது ஆளின் குழந்தை அழுதது. ஏழாவது அம்மாவுக்கு எல்லாம் பதிந்து முடித்து சேமிக்கிற எஃப் ஏழை அழுத்தப் போன விரல், பக்கத்தில் அழிக்கிற எஃப் எட்டில் விழுந்தது. ‘ரத்து செய்யவா?’ என்றது திரை. பதறிப்போய் ‘ரத்து’ என்பதைத் தட்டினார். பிறகு, பெட்டி போகவில்லை என்று கண்டு, ‘சரி’ என்பதையும் தட்டினார். அத்தனையும் மறைந்து வெற்றுப் பக்கம் வந்து நின்றது.

அந்த அம்மா எட்டிப் பார்த்துப் பரிவோடு சொன்னார். “வேலைக்குப் புதுசா தம்பி? அக்காவைக் கேளுங்க, சொல்லித் தருவாங்க.”

நிரல்காரரின் காது மடல் சிவந்துபோனது. அக்கா சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். வரிசை முடிந்ததும் நிரல்காரர் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அன்று மட்டுமல்ல, அடுத்த இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்தபிறகு மெதுவாகச் சொன்னார்.

“அந்த ஆம்-இல்லை பெட்டி உங்களுக்கு ஒரு பாதுகாப்பா இருக்கும்னு நெனச்சேன்.”

“எப்பவாவது ஒரு தடவை வந்தா பாதுகாப்பு சார். நாளைக்கு இருநூறு தடவை வந்தா அது வாசப்படி. குனிஞ்சு பாக்காமலே தாண்டிப் போயிட்டே இருப்போம்.”

“வேற என்னதான் பண்றது?”

“தப்பு பண்ணாம இருக்க முடியாதுங்க. பண்ணிட்டா திரும்பி வர ஒரு வழி வெச்சுக் குடுங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை முதல் முறையாக வெளியே எடுத்தார்.

அந்த மாதமே நிறுவனத்திலிருந்து தலைமை டாக்டருக்குக் கடிதம் வந்தது. மென்பொருளைப் புதிதாக எழுதப் போகிறோம். வாரத்துக்கு மூன்று பிற்பகல் உங்கள் பதிவாளரை எங்களிடம் அனுப்ப முடியுமா? அக்கா ஒத்திகை பார்க்காமல் மேடையேறினவர்போல அந்தக் கண்ணாடிச் சுவர் அலுவலகத்துக்குப் போய் நின்றார். அங்கிருந்தவர்கள் பேச்சுக்குப் பேச்சு ‘யூசர் எரர்’ என்று சொன்னார்கள். அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டார். பயன்படுத்துகிறவர் செய்யும் தவறு என்று ஒருவர் விளக்கினார்.

“ஓ, அது எங்களுக்கு நீங்க வெச்ச பேரா?” என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது அந்தச் சொல் அறையில் கேட்கவில்லை.

வேலை ஆரம்பித்தபோது இருவருக்கும் ஒத்தே போகவில்லை. அக்கா எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போடச் சொன்னார். நிரல்காரர் சிலவற்றைச் சேர்த்து, நடுநடுவே வெறும் இடம் விட்டார்.

“இவ்வளவு இடத்தை வீணாக்குறீங்களே!”

“உங்க குழாய்த் தட்டுல இடைவெளி இல்லாமலா அடுக்குறீங்க? ஒரு ஆளோட குழாய் ஒரு பக்கம், அடுத்த ஆளோடது கொஞ்சம் தள்ளி. இல்லையா?”

அக்கா யோசித்தார். இந்த மனுஷன் மூன்று நாளில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று புரிந்தது.

முடிவுகள் வருகிற பக்கத்தை மட்டும் முழுக்க அக்காவின் விருப்பத்துக்கு விட்டார்கள். அவருக்கு நிறங்கள் என்றால் கொள்ளை ஆசை. முடிவு தயாராகிவிட்டால் பச்சைப் புள்ளி; ரத்தம் கெட்டுப்போய் மறுபடி எடுக்கவேண்டுமென்றால் சிவப்புப் புள்ளி. எழுத்தே வேண்டாம், பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்றார். அலுவலகமே மெச்சியது. அந்தப் பக்கத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு மூடியண்ணனிடம் போனார்.

இருபது புள்ளிகளைப் பார்த்து எது தயார், எது மறுபடி என்று அண்ணன் சொல்ல வேண்டும். ஒன்பது தப்பு.

“என்ன அண்ணே, விளையாடுறீங்களா?”

“கண்ணாடி மாத்தணும்மா.”

மறுநாளும் அதே கதை. அக்காவுக்குக் கோபம் வந்தது. தம்முடைய பக்கம் பிடிக்காமல்தான் அண்ணன் இப்படிச் செய்கிறார் என்று தோன்றியது. கை கழுவுகிற தொட்டியருகே அவரை மடக்கிப் பிடித்துக் கேட்கப் போனவரின் பார்வை, தட்டில் இருந்த குழாய்களில் விழுந்தது. ஒவ்வொரு மூடியிலும் ஓர் எழுத்து. சிவப்பு மூடியில் ‘சி’. பச்சை மூடியில் ‘ப’. அக்கா கேட்க வந்ததை விழுங்கினார்.

“அண்ணே... உங்களுக்கு நெறம் தெரியாதா?”

அண்ணன் தண்ணீர்க் குழாயை மூடாமலே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதாம்மா. காஞ்ச இலை மாதிரி. வீட்டுல அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொன்னா வேலை போயிடும்னு...”

“அதான் எழுத்தா?”

“குழாய் டப்பா வந்து எறங்கினதும், டப்பா மேல இருக்குறதைப் படிச்சு மொத்தத்தையும் எழுதிடுவேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு மாறினதில்ல.”

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சாம்பல் நிறத் ‘திருத்தம்’ தனக்குச் செய்ததைத்தான் தன்னுடைய அழகான புள்ளிகள் இந்த மனிதருக்குச் செய்திருக்கின்றன. அதிலும், படிக்கத் தெரியாத குழந்தையை அதட்டுவதுபோல அதட்டியும் ஆயிற்று.

“மன்னிச்சிடுங்க அண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

சொல்லாமல் எப்படி மாற்றுவது? மறுநாள் நிறுவனத்தில் போய், “இனிமே எல்லாப் பக்கத்தையும் கறுப்பு வெள்ளையில அச்சடிச்சுப் பாக்கணும். அதுலயும் புரியணும்” என்றார்.

“எதுக்கு? எல்லார்கிட்டயும் கலர் திரைதானே இருக்கு?” என்றார் நிரல்காரர்.

“கலர் மை தீந்துபோச்சுன்னு வெச்சுக்குங்களேன்.”

நிரல்காரர் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அச்சுப்பொறியைப் போட்டார். அச்சடித்துப் பார்த்தால் இருபது புள்ளியும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. அன்றைக்கே பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் ‘தயார்’ என்ற சொல்லும் ஒரு சரிக்குறியும் வந்தன. சிவப்புக்கு ‘மறுபடி எடுக்கவும்’ என்ற சொல்லும் ஒரு பெருக்கல் குறியும். நிறமும் இருந்தது, கூடமாட உதவிக்கு. அண்ணன் இருபதுக்கு இருபது சொன்னார். சொல்லிவிட்டு, தேநீர் வாங்கி வருகிறேன் என்று அவசரமாக வெளியே போய்விட்டார்.

இப்படி ஒவ்வொன்றாகச் சண்டை போட்டுச் சேர்த்தவற்றை அக்கா எழுதி வைத்தார். இந்த மருத்துவமனைக்கு மட்டுமல்லாமல், நிறுவனம் இனிமேல் எழுதப்போகிற எல்லா மென்பொருளுக்கும் அதையே கையேடாக வைக்கலாம் என்று நிரல்காரர் சொன்னபோது அவர் நம்பவில்லை. தட்டச்சு செய்து முடித்தால் பதினான்கு பக்கம் வந்தது. அதில் சில இப்படி இருந்தன:

‘ஒரே வேலையைச் செய்யும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அழிக்கிற பொத்தான் சேமிக்கிற பொத்தானுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது.’

‘பொத்தானில் “சரி” என்று எழுதாதே. அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுது.’

‘வேலை நடந்துகொண்டிருந்தால் நடக்கிறது என்று சொல். முடிந்தபிறகு முடிந்தது என்று சொல். முடிவதற்கு முன் பச்சை காட்டுவது பொய்.’

‘“பிழை 4012” என்று சொல்லி நிறுத்தாதே. என்ன ஆயிற்று, இப்போது என்ன செய்யலாம் என்று இரண்டு வரி சொல். திட்டாதே.’

‘அச்சு எழுத்தின் அளவை, மத்தியானம் மூன்று மணிக்குக் களைத்த கண்ணோடு பார்த்து முடிவு செய்.’

புதிய மென்பொருளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நாள் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண், கையேட்டைப் புரட்டிக்கொண்டே, நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது என்று யதார்த்தமாகக் கேட்டுவிட்டார். அக்கா பேச்சை மாற்ற வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

“எனக்காகத்தான்,” என்றார் மூடியண்ணன். “எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.”

தலைமை டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷமா ஒரு குழாய்கூட மாறலையேன்னு நானே ஆச்சரியப்பட்டிருக்கேன். அந்த எழுத்துக்கு இதான் அர்த்தமா? சரி, எல்லா ஷிஃப்டுலயும் மூடியில எழுத்து போடணும். எப்படின்னு நீங்களே சொல்லிக் குடுங்க.”

அண்ணன் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தொடையில் தட்டினார். அவ்வளவுதான், வேலை எங்கும் போகவில்லை.

எல்லாமே பால்பாயசம் மாதிரி இறங்கிவிடவில்லை. முதல் வாரமே மதிய ஷிஃப்ட் பதிவாளர் அக்காமேல் பாய்ந்தார். “பதினோரு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு அழுத்தின கீயெல்லாம் எடம் மாறிப்போச்சு. யாரைக் கேட்டு மாத்தினீங்க? உங்களுக்கு வசதியா இருந்தா ஆச்சா?” என்றார். உண்மையிலேயே அவரை யாரும் கேட்கவில்லை. பழைய விசைகளும் ஆறு மாதம் வேலை செய்யும்படி அக்கா நிரல்காரரைக் கெஞ்சி மாற்ற வைத்தார், எஃப் எட்டைத் தவிர. கையேட்டில் இன்னொரு வரி ஏறியது: ‘பழகிய இடத்திலிருந்து ஒன்றை நகர்த்தும் முன், பழகியவரைக் கேள்.’ மதியப் பதிவாளர் முகம் கொடுத்துப் பேச இரண்டு மாதம் ஆயிற்று.

வருடக் கடைசியில் நிறுவனம் அக்காவை முழுநேர வேலைக்குக் கூப்பிட்டது. எழுதுகிற மென்பொருளையெல்லாம் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, கையேட்டை வளர்க்கிற வேலை. நாற்பத்தாறு வயதில் புது இடமா என்று அவருக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

“எனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதுங்க,” என்றார் கணவரிடம்.

“எழுதத் தெரிஞ்சவங்கதான் அங்க நெறைய பேர் இருக்காங்களே. தடுமாறத் தெரிஞ்ச ஆள் வேணும்னுதானே கூப்பிடுறாங்க,” என்றார் அவர்.

“இது பாராட்டா?”

“என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

அக்கா சேர்ந்தார். முதல் வேலையாக அவரை ஒரு பொது நூலகத்துக்கு அனுப்பினார்கள். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் ஒரு நூலகர் இருந்தார், ஒல்லியான மனிதர். பக்கத்தில் ஆள் உட்காரப் போகிறது என்றதும் வியர்த்துவிட்டது அவருக்கு.

“எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராதுங்க. நான் கொஞ்சம் மெதுவு. தப்பா நெனைக்காதீங்க.”

“நீங்க எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்க,” என்றார் அக்கா. “எங்க உங்களுக்கு எரிச்சல் வருதோ அங்க மட்டும் வாய்விட்டுத் திட்டுங்க. எழுதிக்கத்தான் வந்திருக்கேன்.”

நூலகர் சந்தேகத்தோடு அவரைப் பார்த்தார். பிறகு முதல் புத்தகத்தை எடுத்துத் திறந்தார். இரண்டு நிமிடத்துக்குள் அவர் வாயிலிருந்து முதல் வசவு வந்தது. அக்கா அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.